திருத்தந்தையர் மடல்களுக்குத் தேதி குறித்தல்: மூன்று மடல்கள் முடிந்தன

12, 13ஆம் நூற்றாண்டுச் சிலுவைப்போர் தொடர்பான திருத்தந்தையர் மடல்களை அட்டவணையாக்கும் வேலையில், இதுவரை மூன்றுக்குத் தேதி உறுதியாகியிருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் முன்பே தேதி வரியைத் தீர்த்துவிட வேண்டும். எழுதிய நாளில் ரோமுக்கு எந்தச் செய்தி எட்டியிருந்தது என்று தெரியாமல் படித்தால், எட்டாத செய்தியைக்கூடத் திருத்தந்தை வேண்டுமென்றே மறைத்தார் என்று நினைத்துவிடுவோம்.

அட்டவணையில் மடலின் தொடக்கச் சொற்கள் (மடலுக்குப் பெயரே அதுதான்), பெறுநர், இடம், மூலத்தில் உள்ளபடியே தேதி, மாற்றிய தேதி, பிரதி கிடைத்த இடம் என ஆறு விவரங்கள். மூலத் தேதியை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தக் கூடாது. எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாக ஏற்காது; நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனி எண்களாகப் போட்டால் வரிசைப்படுத்த முடியும். எல்லாமே ஜூலியன் நாட்காட்டித் தேதிகள், அப்படியே இருக்கட்டும். இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் இந்தக் காலத்துக்கு 7 நாள் தள்ளிப்போகும். எந்த நூலோடும் ஒத்துவராது.

ரோமானிய முறையில் நாள் பின்னோக்கி எண்ணப்படுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு எண்ணுவதுபோல இரண்டு முனையையும் சேர்த்தே எண்ண வேண்டும். கலெண்டஸ் என்பது மாதத்தின் 1ஆம் தேதி. ‘கலெண்டஸுக்கு முன் இத்தனையாம் நாள்’ என்று வந்தால், முந்தைய மாதத்தின் நாட்களோடு 2 கூட்டி, அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். நோனஸ் 5ஆம் தேதி, ஈடஸ் 13ஆம் தேதி. மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் மட்டும் 7, 15. இவற்றுக்கு அந்தத் தேதியோடு 1 கூட்டிக் கழித்தால் போதும். அதிகம் நடக்கும் தவறு மாதப் பெயரில்தான்: ‘நவம்பர் கலெண்டஸுக்கு முன் 4ஆம் நாள்’ அக்டோபரில் வருகிறது. 31+2−4, அதாவது அக்டோபர் 29. ஸ்கேன் செய்த நூலிலிருந்து கணினி பிரித்தெடுத்த எழுத்தையும் நம்ப வேண்டாம். ரோமன் எண்ணில் ஒரு கோடு விடுபட்டால் ஒரு நாள் போய்விடும். பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்த்தே எழுத வேண்டும்.

மூன்றில் எளிதானது மூன்றாம் இன்னொசென்ட் அனுப்பிய ‘வீனெயாம் தோமினி’. மே கலெண்டஸுக்கு முன் 13ஆம் நாள், ஆட்சியாண்டு 16. நாள் ஏப்ரல் 19. அவர் தேர்வானது 1198 ஜனவரி 8. திருநிலைப்பாடு, அதாவது பதவியேற்புச் சடங்கு, பிப்ரவரி 22. ஆட்சியாண்டு திருநிலைப்பாட்டு நாளில்தான் தொடங்குகிறது. ஆகவே 16ஆம் ஆண்டு 1213 பிப்ரவரி 22 முதல் ஓடுகிறது. மடல் 1213ஆம் ஆண்டுடையது. தேர்வு நாளிலிருந்து எண்ணினாலும் ஏப்ரல் மடலுக்கு இதே விடைதான் வரும். தவறு வெளியே தெரியாது. ஜனவரி 8க்கும் பிப்ரவரி 21க்கும் இடைப்பட்ட மடல் கைக்கு வரும்போதுதான் ஓராண்டு பிசகும்.

மூன்றாம் யூஜினின் ‘குவாண்டும் பிரெடெசெஸ்ஸோரெஸ்’ வேறு வகை. இடம் வெத்ராலா, நாள் டிசம்பர் கலெண்டஸ், அதாவது டிசம்பர் 1. அவ்வளவுதான், ஆண்டே இல்லை. 1187க்கு முந்தைய சாதாரண மடல்களில் இடமும் நாளும் மட்டுமே இருக்கும். அனுப்பிய மடல்களை நகலெடுத்து வைத்த அவருடைய பதிவேடும் இன்று இல்லை. ஆண்டை நிகழ்ச்சிகளைக் கொண்டுதான் நெருக்க வேண்டும். சிலுவைப்போராளர் வசமிருந்த எதேஸ்ஸா நகரம் வீழ்ந்ததை மடல் சொல்கிறது. அது நடந்தது 1144 டிசம்பர் 24. எனவே 1144 டிசம்பர் 1 ஆக முடியாது. பெறுநரான பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயி 1146 மார்ச் 31 அன்று வெஸ்லேயில் சிலுவை ஏற்றார், அதாவது சிலுவைப்போருக்குப் போவதாக உறுதி எடுத்தார். அதற்கு அழைக்கும் இந்த மடல் அதற்கு முந்தியது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு டிசம்பர் 1தான் இருக்கிறது: 1145. இதே மடல் 1146 மார்ச் 1 அன்று மீண்டும் வெளியானது. இரண்டு வெளியீட்டையும் ஒரே வரியில் போட்டுவிடக் கூடாது.

அதிக நேரம் எடுத்தது எட்டாம் கிரகோரியின் ‘ஆவுதீத்தா திரெமெந்தி’. ஃபெராரா, நவம்பர் கலெண்டஸுக்கு முன் 4ஆம் நாள், இந்திக்தியோ 6. இந்திக்தியோ என்பது 15 ஆண்டுச் சுழற்சி. ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அதன் எண். 1187+3=1190; மீதி 5. மடலிலோ 6. எழுத்தர் பிழை என்று திருத்தத் தோன்றும். திருத்தினால் அதுதான் பிழை. இங்கே சுழற்சியின் புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கிறது. அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு ஒன்று கூட்ட வேண்டும். 1187 அக்டோபர் 29 சரியாகப் பொருந்துகிறது. பிந்தைய தேதியிட்ட பிரதிகளும் உண்டு, அவற்றுக்குத் தனி வரி.

கிரகோரி திருநிலைப்பாடு பெற்று நான்கே நாளில் எழுதிய மடல் இது. ஜூலை 4 அன்று ஹத்தீனில் சலாதீனிடம் சிலுவைப்போராளர் அடைந்த தோல்வியைப் பற்றி வேதனையோடு பேசுகிறது. எருசலேம் அக்டோபர் 2 அன்றே சரணடைந்துவிட்டது. மடலில் அந்த வீழ்ச்சி இல்லை. 27 நாட்களில் அந்தச் செய்தி ஃபெராராவுக்கு வந்து சேரவில்லை. எருசலேம் போனதால் எழுந்த அழைப்பு என்று இதைச் சொல்லுவது அதனால்தான் தவறு.

அடுத்தது மூன்றாம் இன்னொசென்ட்டின் ‘குவியா மாயோர்’, 1213 ஏப்ரல். பல மாகாணங்களுக்கு ஒரே வாசகம் போயிருக்கிறது. பதிவேட்டில் ஒரு முறை எழுதிவிட்டு, மற்றவர்களுக்கு ‘இதே முறையில்’ என்று பெறுநர் பட்டியலை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பெறுநர்வாரியாகப் பிரித்துத் தனித்தனி வரிகளாக்க வேண்டும்.