கட்டிலடியில் ஒரு மிதி சுவிட்ச்

அம்மம்மா இரவில் ஒருவரையும் எழுப்பாமல் தானே இறங்கி நடக்கத் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. மிதித்தவுடன் அடுத்த அறையில் மணி அடிக்கும் விரிப்புகளை வெளிநாட்டில் விற்கிறார்கள். அனுப்பும் செலவோடு பார்த்தால் கட்டுப்படியாகாது. சரி, திருகோணமலைக் கடலோரத்து உப்புவெளி வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

இரண்டு மின்கடத்தும் தளங்கள், நடுவில் ஓட்டை போட்ட பிரிப்புத் தாள், அவ்வளவுதான். மிதித்தால் மேல்தளம் ஓட்டைக்குள் வளைந்து கீழ்த்தளத்தைத் தொடும். காலை எடுத்தால் நிமிரும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைப் பொத்தான்களுக்குள்ளும் இதேதான். அங்கே பொலியெஸ்டர் தாளில் வெள்ளி கலந்த மையால் பாதைகளை அச்சடிப்பார்கள். நான் ஏ3 லேமினேட்டிங் தாளை எடுத்தேன். போட்டோகொப்பிக் கடைக்காரர் அதை வெறுமையாகவே மெஷினில் விட்டுத் தந்துவிட்டு, “உள்ள ஒண்டும் வைக்கேல்லையே தம்பி?” என்று பாவமாகப் பார்த்தார்.

அதன்மேல் செப்பு டேப்பைப் பட்டி பட்டியாக, கீழ்த்தளத்தில் நீளவாக்கிலும் மேல்தளத்தில் குறுக்காகவும் ஒட்டினேன். சமையலறை அலுமினியத் தாள் மலிவுதான், ஆனால் அதன்மேல் படியும் ஒக்சைட்டுப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது, பற்றவைக்கும் ஈயமும் லேசில் பிடிக்காது. டேப்பின் பசையையும் நம்பக் கூடாது. ஒரே தளத்தின் பட்டிகள் சந்திக்கும் இடமெல்லாம் ஈயம் வைத்தே இணைக்க வேண்டும். கடற்காற்றில் செப்பு பச்சை பூத்துவிடும் என்பதால் தொடும் இடங்களிலும் மெல்லிசாக ஈயம் பூசினேன்.

வேலையே பிரிப்புத் தாளில்தான். புத்தகக் கடையில் கைவேலைக்கு விற்கும் 2 மில்லிமீட்டர் ஃபோம் தாள். ஓட்டை பெரிதானால் சின்னப் பாரத்துக்கே மணி அடிக்கும். விரிப்பைச் சுருட்டி எடுத்தாலும் அடிக்கும். சிறிதானால் அம்மம்மாவின் மெலிந்த உடம்பு போதாது. தண்ணீர்ப் போத்தல் மூடியை வைத்துக் கோடு போட்டு வெட்டிய அளவு சரிவந்தது. அவர் முதலில் விரல் நுனியைத்தான் வைப்பார். அதனால் இரண்டு ஓட்டைகளுக்கு இடையில் விரலகலத்துக்கு மேல் விடவில்லை. ஓட்டைகளை மெல்லிய வாய்க்கால்களால் இணைத்து ஓரத்தில் ஒரு வாய் விட்டேன். காற்று போக வழியில்லாவிட்டால் அதுவே மெத்தையாகி மேல்தளத்தைத் தாங்கிக்கொள்ளும். ஈரம் புகாதிருக்க அந்த வாயைக் கட்டிலடிப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அப்புறம் வயர். ஒரு வயர் அறுந்தால் மணி சும்மா இருக்கும். நாங்கள் அம்மம்மா தூங்குகிறார் என்று நினைப்போம். இந்த வகைச் சுவிட்சில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். தொழிற்சாலைப் பாதுகாப்பு விரிப்புகளில் ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு வயர் கொடுத்து, அறுந்தால் இயந்திரமே நிற்கும்படி செய்கிறார்கள். நான் தளங்களின் மறுமுனையிலிருந்து இரண்டு வயர் எடுத்து ஒரு சின்ன அழுத்துபொத்தானில் முடித்தேன். படுக்கப் போகுமுன் அதை அழுத்தி மணி அடித்தால் வயர், பட்டி, பற்றரி எல்லாம் சரி.

மணி, வயர்லெஸ் கதவுமணிதான். அதன் பொத்தானின் இரு உலோகக் கால்களிலும் விரிப்பின் வயர்களை ஈயத்தால் ஒட்டினேன். உள்ளே சின்ன பற்றரி மட்டுமே. 230 வோல்ட்டை இதன் பக்கமே கொண்டுவரக் கூடாது.

முதல் இரவே மணி அடித்து அம்மா எழும்பி ஓடினார். கட்டிலில் இருந்தபடி அம்மம்மா ஒரு காலால் மிதித்துக்கொண்டிருந்தார். “வேலை செய்யுதோ எண்டு பாத்தனான் பிள்ளை.”