மலை லோடு

மே 6, செவ்வாய்

எண்ணெய் டிப்போவில் காலையிலேயே டோக்கன் போட்டும், டேங்கர் வண்டியில் லோடு ஏற்றி வெளியே வர மூன்று மணியாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, கத்திரி ஆரம்பித்துவிட்டதல்லவா. போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். திரும்ப வாங்கிப் பார்த்தேன், பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகள் பாப்பாவைப் பற்றித் தேனியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வண்டி டேங்கின் மூன்று அறையில் இரண்டு சேம்பர் பெட்ரோல், ஒன்று டீசல். ராடு விட்டு எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப் சரியாக இருந்தது. லோடு சூடு 37 டிகிரி.

மே 7, புதன்

நேற்று ராத்திரி கொடைக்கானல் போய்ச் சேர்ந்தால் பங்க்கில், "டேங்கில் இடமில்லை, காலையில் இறக்கிக்கலாம்" என்றார்கள். சரி என்று கேபினிலேயே படுத்தோம். போர்வை போதவில்லை. கிளீனர் தம்பி ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

காலையில் மேனேஜர் வந்தார். எண்ணெய் எதுவரை நிற்கிறது என்று தெரிய ராடில் பேஸ்ட் தடவி இறக்கினார், எடுத்தார், துடைத்தார், மறுபடி இறக்கினார். இரண்டு பெட்ரோல் சேம்பரும் சேர்த்து 70 லிட்டர் குறைவாம். "என்ன டிரைவரே, வழியில் யாருக்கு ஊத்துனீங்க?"

லாக் உடையவில்லை, சீல் அப்படியே இருக்கிறது. அந்த பங்க்கில் தரையே சமமில்லை. வண்டியின் மூக்கு ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது, ராடில் எண்ணெய் ஏறும் இடமே மாறும். அதைச் சொன்னால் காதில் விழவில்லை. ஜாடியில் தெர்மாமீட்டர் போட்டார்கள். 30. அதை அவரே எழுதினார்.

37-இல் ஏற்றியது 30-இல் இறங்குகிறது. நடுவில் ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் நின்றது யாரால்? 4,000 லிட்டர் சேம்பரில் பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 5 லிட்டர் சுருங்கும். இரண்டு சேம்பர், ஏழு டிகிரி. கணக்கு அங்கேயே முடிகிறது. அதற்குத் திருடன் பட்டம்.

மே 8, வியாழன்

தேனியில் இன்னும் வலி வரவில்லையாம்.

மே 9, வெள்ளி

முதலாளி அந்த 70 லிட்டரை என் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டார். இன்றைக்கு லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். ஒரு மாதப் படி போனது போலத்தான்.

போதாததற்கு ஜிபிஎஸ் அலர்ட் வேறு. இறங்கி வரும்போது டம்டம் பாறைக்குக் கீழே பிரேக் லைனிங் கருகும் வாசனை வந்தது, ஓரம் கட்டினேன். "அனுமதியில்லாத இடத்தில் ஏன் நிறுத்தினாய்" என்று எழுதிக் கேட்கிறார்கள். நிறுத்தாமல் உருட்டிவிட்டிருந்தால் யாரிடம் எழுதிக் கேட்பார்கள்? அந்த இடத்தில் டூரிஸ்ட் ஒருவன் வண்டிப் பக்கத்திலேயே சிகரெட்டைப் பற்றவைத்தான். காலி வண்டிதானே அண்ணே என்கிறான். காலி வண்டியில்தான் ஆவி நிறைந்திருக்கும், ராஜா. 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு இ-பாஸ் வந்துவிட்டது, இருந்தும் கூட்டம் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

தூங்கினேன். இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. கிளட்ச்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். ஊரே அங்கே. லோடு இல்லை.

என் மனைவி தேனிக்குப் போயிருக்கிறாள். டாக்டர் இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றாராம். என்ன பார்ப்பது, நாள் தாண்டிவிட்டதே என்றேன். நீங்க டாக்டரா என்கிறாள்.

படுத்தால் 70 லிட்டர்தான் வருகிறது. எண்ணெயின் அடர்த்தியை, அந்த டென்சிட்டியைப் பார்க்கும்போது மட்டும் கணக்கு டேபிளைப் புரட்டி 15 டிகிரிக்கு மாற்றி எழுதுகிறார்கள். சூட்டுக்குச் சூடு மாறும் என்று அங்கே தெரிகிறது. லிட்டர் என்று வந்தவுடன் அந்த டேபிள் எங்கே போகிறது? அதே எண்ணெய், அதே ஜாடி, அதே பேப்பர்! பக்கத்துக் கட்டத்தில் டிகிரியை எழுதிவிட்டு அடுத்த கட்டத்தில் அதை மறந்துவிடுகிறார்கள்.

மே 13, செவ்வாய்

அதே பங்க். சீசனில் நன்றாக ஓடியிருக்கிறது போல, டேங்கில் இடம் இருந்தது. பத்து மணிக்கு ஏற்றி, மூன்று மணிக்கெல்லாம் இறக்கியாச்சு. ஏற்றும்போது 35, இறக்கும்போது 34. டிப்பில் குறையே சொல்ல முடியவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன்: பாருங்க சார், அதே வண்டி, அதே ராடு, அதே டிரைவர். ஆறவிடாமல் இறக்கினால் சரியாக இருக்கிறது.

அவர் சிரித்தார். "அதான் பிடிபட்டதுக்கு அப்புறம் சரியா கொண்டுவர்றீங்களே."

பெருமாள்மலை வரும்வரை தம்பியிடம்கூடப் பேசவில்லை.

மே 14, புதன்

விடிகாலை போன். பாப்பாவை அட்மிட் பண்ணிவிட்டார்கள்.

முதலாளியிடம் லீவு கேட்டேன். மாற்று டிரைவர் எங்கே என்கிறார். எண்ணெய் வண்டி ஓட்ட மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும், மலை ஏறியும் பழக்கம் வேண்டும், நினைத்தவுடன் ஆள் கிடைக்காது. அது எனக்கும் தெரியும். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். ஆள் பிடித்துவிட்டாராம். ஆனால் போவதற்கு முன்னால் ஆபீசுக்கு வந்து, 70 லிட்டர் என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

தேனி பஸ் பத்தரைக்கு.