புண்ணைப் பார்த்தபடி எழுதுங்கள்

காரைக்குடிப் பக்கம் நாய் குதறிச் செத்த ஆடு வந்தால், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'நாய்க்கடி' என்று எழுதி முடிப்பதுதான் வழக்கமான தப்பு. அது முடிவு, வருணனை இல்லை. கண்டதை முதலில் எழுதுங்கள்: 'கழுத்தின் இடப்பக்கம், தாடைக் கோணத்துக்கு 6 செ.மீ. பின்னால், 4 துளைப்புண்கள், ஒவ்வொன்றும் 5 முதல் 8 மி.மீ., விளிம்பு ஒழுங்கற்றது, கருஞ்சிவப்பு.' மிளகளவு, நெல்லிக்காய் அளவு எல்லாம் செட்டிநாட்டுச் சமையலுக்குச் சரி. இங்கே ஸ்கேல் வேண்டும்.

மயிரை மழித்து, தோலை உரித்துப் பாருங்கள். வெளியே சின்னத் துளை, அடியில் கிழிந்த தசை. கடி ஏமாற்றுவது இப்படித்தான். ரத்தம் திசுவுக்குள் ஊறி, கழுவியும் போகவில்லையா? பெரும்பாலும் உயிரோடு இருந்தபோது பட்டது. செத்தபின் நாய் தின்ற இடம் வெளிறிக் கிடக்கும். வெட்டில் விளிம்பு நேராக இருக்கும். கிழிசலில் நார் இழைகள் குறுக்கே பாலம்போல நிற்கும்.

ஆய்வக மாதிரிக்கு, நல்ல திசுவும் கெட்ட திசுவும் சேரும் ஓரத்தை எடுங்கள். தடிமன் 1 செ.மீ.க்குள், திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் கரைசல், திசுவைப்போல 10 மடங்கு. தடித்த துண்டு நடுவில் அழுகிவிடும்.

மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் கத்தியையே எடுக்காதீர்கள். அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், காதுச் சிரையிலிருந்து கண்ணாடித் தகட்டில் ரத்தப்பூச்சு மட்டும் போதும்.