ஹெலிகாப்டர் மொட்டைமாடியும் ஒரு லட்சம் டாங்கும்

முதலில் அந்த பைக் டாக்ஸிக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

சைகோனில் மூன்று நாள். சின்ன வயதில் வார இதழ்களில் பார்த்து மனசில் ஒட்டிக்கொண்ட மூன்று வியட்நாம் படங்கள் எடுக்கப்பட்ட இடங்களில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். முதல் படம்: வியட்நாம் போரின் கடைசியில் சைகோனைவிட்டுத் தப்ப, மொட்டைமாடியில் ஹெலிகாப்டர், ஏணியில் வரிசையாக ஏறும் ஜனம். ஆப்பில் வண்டி போடச் சோம்பல்பட்டு, தெருமுனை பைக்காரரிடம் படத்தைக் காட்டி "அமெரிக்கன் எம்பசி" என்றேன். 50,000 டாங் (வியட்நாம் பணம்) பேசினோம். நேரே அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் போனை வெளியே எடுத்ததும் காவலாளி கையை ஆட்டி விரட்டினார்.

தப்பு என்னுடையது. படத்தில் இருப்பது தூதரகமே இல்லை. 1975 ஏப்ரல் 29 அன்று ஹூபர்ட் வான் எஸ் என்ற டச்சுக்காரர் எடுத்த படம் அது. கட்டடம் அன்றைய ஜியா லாங் தெரு 22, சி.ஐ.ஏ. ஆட்கள் குடியிருந்த அடுக்குமாடி. அவர் சரியாகத்தான் எழுதி அனுப்பினார். அச்சில் "தூதரகக் கூரை" என்று மாறி, உலகம் முழுக்க அப்படியே நின்றுவிட்டது. அந்தப் படத்துக்கு அவருக்குக் கிடைத்தது 150 டாலர்! உரிமை முழுக்க அவர் வேலை பார்த்த யு.பி.ஐ. என்ற செய்தி நிறுவனத்துக்கு.

தெரு இப்போது லீ து ட்ராங். அங்கே இறக்கிவிட்டு, "இரண்டு இடம், ஒண்ணரை லட்சம்" என்றார் பைக்காரர். வாதாடிப் பார்த்தேன். சுற்றி நாலு பேர் கூடியதும் கொடுத்துத் தொலைத்தேன். 300 டாங் ஒரு ரூபாய் என்று வைத்தால், கூடுதலாகப் போனது 330 ரூபாய் சொச்சம். பெரிய கட்டடங்களுக்கு நடுவில் அந்த மாடி குட்டியாகத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இரண்டாவது படத்துக்கு நடந்தே போனேன். ரோஷம். வழியில் மாரியம்மன் கோயில். உள்ளே கொத்துக் கொத்தாக ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர். ஆத்தாவிடம் பைக்காரரைப் பற்றி முறையிட்டுவிட்டு நடந்தேன். 1963 ஜூன் 11 காலை திக் குவாங் டுக் என்ற பிக்கு, சம்மணமிட்டு அமர்ந்து தன்னை எரித்துக்கொண்ட நாற்சந்தி. அமெரிக்காவை எதிர்த்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, பௌத்தர்களை ஒடுக்கிய தென் வியட்நாமின் டியெம் அரசை எதிர்த்து. பௌத்தக் கொடி ஏற்றக்கூடாது என்ற தடையில் கிளம்பிய நெருப்பு. ஏதோ நடக்கப்போகிறது என்று பிக்குகள் முந்தின நாளே நிருபர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பலர் வரவில்லை. மால்கம் பிரௌன் என்ற நிருபர் வந்தார்; அந்த இரண்டாவது படம் அவர் எடுத்ததுதான். அந்த மூலையில் இப்போது நினைவுச்சின்னம். ஐந்து நிமிஷம் நின்றேன். பைக் வெள்ளம் ஒரு நொடி நிற்கவில்லை.

போர் அருங்காட்சியகம் 40,000 டாங். கொடுக்கலாம், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். மேல்மாடியில், அந்தப் போர்களில் செத்துப்போன புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களுக்கென்றே ஒரு பகுதி. அதில் ஹுயின் தான் மி, ஏ.பி. செய்தி நிறுவனத்துக்காகப் படமெடுத்து 1965இல் இறந்தவர். அவர் தம்பிதான் நிக் உட். அண்ணன் போன பிறகு அதே ஏ.பி.யில் சேர்ந்த பையன்.

அந்த நிக் உட் பெயரில் இருப்பதுதான் மூன்றாவது படம்: நாபாம் என்ற எரிகுண்டு நெருப்பில் வெந்து, துணியில்லாமல் சாலையில் ஓடிவரும் 9 வயதுச் சிறுமி கிம் ஃபுக். (எடுத்தது அவர்தானா என்ற சந்தேகத்தில் வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது அமைப்பு 2025இல் பெயரை நிறுத்தி வைத்தது, ஏ.பி. மாற்றவில்லை.) இடம் ட்ராங் பாங், சைகோனிலிருந்து சுமார் 50 கி.மீ. டூர் கம்பெனிகள் சொன்ன விலையில் நம்மூரில் ஒரு வாரம் சாப்பிடலாம். பஸ்தான்.

அந்த பஸ்ஸை என்னவென்று சொல்ல? சக்கரத்துக்கு மேல் சீட், முழங்கால் தாடையில். ஏ.சி. என்று எழுதியிருந்தது, எழுத்து மட்டும்தான். கூச்சியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிஷம் வெயிலில் காய்ந்தேன். நிக் உட் அந்தப் பெண்ணை வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தது இந்தக் கூச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் என்பது ஞாபகம் வந்ததும் புலம்பலை நிறுத்திக்கொண்டேன். பிழைத்தார்; 14 மாதம் மருத்துவமனை, 17 அறுவை சிகிச்சை. இப்போது கனடாவில் இருக்கிறார். 1972 ஜூன் 8 அன்று குண்டு போட்டது அமெரிக்க விமானம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென் வியட்நாம் விமானம், தன் ஜனங்கள் மேலேயே.

ட்ராங் பாங்கில், காவ் தாய் என்ற வியட்நாமிய மதத்தின் கோயில் பக்கத்தில் சாலை அகலமாகிவிட்டது. படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கோணம் தேடி நடுரோட்டுக்கே போய்விட்டேன். லாட்டரி விற்கும் பாட்டி ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார்.

அப்புறம் சாப்பாடு. பான் கன்! தடியான அரிசி நூடுல்ஸ், தெளிந்த பன்றி எலும்புச் சாறு, மிளகு. கூடவே, சுட்டபின் ராத்திரிப் பனியில் காயவைத்து மெதுவாக்கிய அரிசி அப்பளம். அதில் பெயர் தெரியாத பத்து வகைக் கீரையைச் சுருட்டித் தின்ன வேண்டும். சைகோனில் சாப்பிட்டது எதுவும் இதன் பக்கத்தில் வராது. கிம் ஃபுக்கின் அம்மாவும் இந்த ஊரில் நூடுல்ஸ் கடைதான் வைத்திருந்தார்.

இன்னொரு கிண்ணம் கேட்கலாமா என்று பையில் இருந்ததை எண்ணினேன். இரண்டு பஸ் டிக்கெட்டுக்குச் சரியாக இருந்தது. அந்த ஒரு லட்சம் இருந்திருந்தால் இரண்டு கிண்ணம்.