தீர்ப்பு ஏறாத வரி

“அண்ணன், அந்த மாநிலத்துப் பொலிஸே என்னில ஒண்டுமில்ல எண்டு எழுதித் தந்திருக்கு. அதக் குடுத்தாக் காணாதா?”

வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குக் கைரேகை அட்டை எடுத்து அனுப்புகிறவன் நான். காணாது என்றேன். பத்து வருடத்துக்குள் ஆறு மாதம் ஒரேயடியாக அமெரிக்காவில் இருந்தவர் கனடாவுக்கு விண்ணப்பித்தால், அங்கே கேட்பது அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் அறிக்கையைத்தான். விதிப்படி சரியான பதில். அவர் கேட்டது விதியைத்தானா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

எஃப்.பி.ஐ. அறிக்கையில் கைது ஒன்று இருந்தது. திகதியும் குற்றச்சாட்டும் உண்டு, வழக்கு என்னவாயிற்று என்ற இடம் மட்டும் வெறுமை. வழக்கு தள்ளுபடியாகிவிட்டது, மாநிலம் பதிவையே அழித்துவிட்டது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றையொன்று மறுக்கும் அந்த இரண்டு தாளும் முறையாகத் தரப்பட்டவை.

நமக்குப் பொலிஸ் ஒன்றுதான். களுவாஞ்சிக்குடியில் இருந்தாலென்ன, அக்கரைப்பற்றில் இருந்தாலென்ன, ரிப்போர்ட் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வரும். அங்கேயும் அப்படித்தான், கீழே அழித்தால் மேலேயும் அழியும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே கைதானவுடன் எடுக்கும் கைரேகை மாநிலத்தின் வழியாக எஃப்.பி.ஐ.க்குப் போய்விடும். தீர்ப்பு வருவது பிறகு, அதுவும் வேறொரு கட்டடத்தில். அதை நீதிமன்றம் மாநிலத்துக்கும் மாநிலம் எஃப்.பி.ஐ.க்கும் அறிவிக்க வேண்டும். நடுவில் யாராவது அனுப்பாமல் விட்டாலோ, கைது இலக்கம் பொருந்தாமல் போனாலோ கைது மட்டும் தனியே நிற்கும். வேலைக்கும் உரிமத்துக்கும் ஆட்களைச் சரிபார்க்க மாநிலங்கள் பதிவுகளைப் பகிரும் ஒப்பந்தம் 1998இல் சட்டமாகி, மொன்டானாவும் ஜோர்ஜியாவும் ஏற்றதும் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எல்லா மாநிலங்களும் அதில் சேரவில்லை. சேர்ந்தாலும், இல்லாத தீர்ப்பை எந்த ஒப்பந்தமும் பகிராது.

திருத்த வழி உண்டு. வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவாளரிடம் முத்திரையிட்ட முடிவு நகலை எடுத்து மாநிலப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்.பி.ஐ.யிடமே ஆட்சேபிக்கலாம், அவர்களும் மாநிலத்தைத்தான் கேட்பார்கள். இவருக்குச் சிக்கல் அங்கேதான். அழித்த வழக்குக்கு நகல் கேட்டால் அப்படியொரு வழக்கே இல்லை என்று பதில் வரக்கூடும். அழிக்கச் சொன்ன கட்டளையின் பிரதி கையில் இருந்தால் தப்பலாம். அவரிடம் இல்லை.

திருத்திய பின் புது அறிக்கைக்கு மறுபடி 18 டொலர், மறுபடி கைரேகை அட்டை. பத்து விரலும் தனித்தனியாக உருட்டி, கீழே நாலு நாலு விரலாகவும் பெருவிரல்களைத் தனியாகவும் அழுத்த வேண்டும். நம்மூர் வெக்கையில் மை வியர்வையோடு கலந்து வரிகளுக்கிடையே இறங்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே உருட்டு. திருப்பி உருட்டினால் வரி இரட்டிக்கும், அட்டை திரும்பி வரும். சீமெந்து வேலை செய்தவர்களின் விரலில் வரியே மங்கியிருக்கும்.

இதெல்லாம் சொல்லி முடிய, “மறுகா, கனடாப் படிவத்தில இல்ல எண்டு போட்டா?” என்றார்.

கைதானீர்களா என்றுதான் கேட்கிறார்கள், தண்டனை பெற்றீர்களா என்று மட்டுமல்ல. பொய்யென்று பிடித்தால் ஐந்து வருடம் உள்ளே விடமாட்டார்கள் என்றேன். உண்மைதான். ஆனால் அழித்த பதிவை இல்லையென்றே சொல்லலாம் என்று அந்த மாநிலத்துச் சட்டத்தரணி அவருக்குச் சொல்லியிருந்தாராம். அந்த மாநிலத்துக்குள் அதுவும் சரியாகவே இருக்கலாம். நான் சட்டத்தரணியில்லை. அட்டை எடுத்து அனுப்புகிறவன் அதற்கு மேல் பேசலாமா? பேசாமல் விட்டு அவர் மாட்டிக்கொண்டால்? தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு இடத்தில் விண்ணப்பித்ததாகக் கேள்வி.

இப்போதெல்லாம் மை தொடுமுன், எந்த நாட்டிலாவது பொலிஸ் கைரேகை எடுத்ததா என்று கேட்டுவிடுகிறேன். பாதிப்பேர் முகம் சுழிக்கிறார்கள். அவரிடம் அப்படிக் கேட்டிருந்தாலும் எஃப்.பி.ஐ. அறிக்கையில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது.