வாரியம் என்னும் பழஞ்சொல்

மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம், குடிநீர் வடிகால் வாரியம் என்று அரசு நிறுவனங்களின் பெயர்களில் நாள்தோறும் காணும் 'வாரியம்', ஊராட்சி நடத்திய குழுக்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்வெட்டுகளில் வழங்கிய சொல். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டிலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அதன் பொருளை நன்கு விளங்கிக்கொள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைத்தான் படிக்க வேண்டும்.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் வடமொழி வேரோடு அதை இணைப்பவர்களும், வருவாய் என்னும் பொருளுடைய தமிழ் 'வாரி'யிலிருந்து கொள்பவர்களும் உண்டு. வேரைவிட வழக்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் 'வாரியம் செய்து' என்றே வருகிறது. அதாவது வாரியம் என்பது ஒருவர் ஏற்றுச் செய்து, காலம் முடிந்ததும் இறக்கிவைக்கும் பொறுப்பு. அதைச் செய்தவர்கள் வாரியப் பெருமக்கள். காலம் 360 நாள்.

உத்திரமேரூரின் பகுதிகளான முப்பது குடும்புகளிலிருந்தும், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை வழியே குடும்புக்கு ஒருவராக முப்பது பேரை எடுத்து, அவர்களில் பன்னிருவரைச் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவரைத் தோட்ட வாரியத்துக்கும், அறுவரை ஏரி வாரியத்துக்கும் அமர்த்தினார்கள். ஆண்டு வாரியம் என்று பொருள்படும் சம்வத்சர வாரியத்துக்கு, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவர்களையும், அறிவிலும் வயதிலும் மூத்தவர்களையுமே கொண்டார்கள். சபை கூடியிருக்க, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுத்துக் கொடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, எல்லோரும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். மறைத்து வைத்த வேறோர் ஓலையை இடையில் மாற்றிவிட முடியாதபடி கையின் நிலையைக்கூட வரையறுத்த அந்த எச்சரிக்கையை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியக்கிறேன்.

இதனினும் கடுமையானது கணக்கைப் பற்றிய விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்களும், அத்தை, மாமன் மக்களும் இன்னும் பல உறவினரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார்கள். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் மீண்டும் வர முடியாது. எனினும் இது அனைவருக்குமான ஆட்சியாக இருக்கவில்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டு, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே இடமிருந்தது. சிறிது நிலமே உடையவருக்குக் கல்வியால் சலுகை இருந்ததே தவிர, மற்றக் குடிகளுக்கும் பெண்களுக்கும் வழியில்லை. இதை விட்டுவிட்டுக் குடவோலையைப் புகழ்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

மலையாள நாட்டில் கோயிற்பணி செய்த வாரியர்களின் வீட்டுக்கும் வாரியம் என்றே பெயர். தமிழில் அச்சொல் 20ஆம் நூற்றாண்டில் 'போர்டு' என்பதற்கு ஈடாகப் புத்துயிர் பெற்று, செய்யும் பொறுப்பைக் குறித்த நிலையிலிருந்து நிறுவனத்தின் பெயராக மாறியது. நல்ல சொல்லை மீட்டார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே; ஆனால் பள்ளிப் பாடத்தில் குடவோலையைக் கற்பிக்கும்போது, சீட்டெடுத்த முறையோடு நின்றுவிடாமல், கணக்குக் காட்டாதவரை உறவோடு விலக்கிய அந்த வரிகளையும் மாணவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.