அந்தப் புள்ளிகள் இரும்பு இல்லை

ரோடமின் பி என்ற ஒளிரும் சாயம் விரலில் பட்டால் லேசில் போகாது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருடம் முழுக்க, மருதாணி வைத்தவன் மாதிரிதான் திரிந்தேன்.

அந்தச் சாயத்தை ஹைட்ரசினோடு எத்தனாலில் கொதிக்கவிட்டால் நிறம் மெல்ல வெளுத்துவிடும். மூலக்கூறுக்குள்ளேயே ஒரு வளையம் மூடிக்கொள்வதுதான் காரணம். மூடினால் நிறமும் போச்சு, ஒளிர்வும் போச்சு. தாமிர அயனியைச் சேர்த்தால் பழைய ரோடமினும் ஒளிர்வும் திரும்பி வருவதை 1997-இல் அந்தோனி சார்னிக்கின் குழு காட்டியது. அதன்பின் இந்த வளையத்தில் எதையாவது ஒட்டி, ஏதாவது ஓர் உலோகத்தைப் பிடிக்கப் பார்க்காத ஆய்வகமே குறைவு. நானும் ஓர் ஆல்டிஹைடை ஒட்டினேன். குறி, இரும்பு.

பதினைந்து குப்பிகளில் பதினைந்து உப்புகள். புற ஊதா விளக்கைப் போட்டதும் இரும்பு போட்ட குப்பி மட்டும் ஆரஞ்சாக எரிந்தது. பக்கத்தில் அலுமினியம் கொஞ்சம் மினுங்கியது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. மூன்று மாதம் வரைபடமாகப் போட்டுத் தள்ளினேன். அப்புறம் ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்களில் என் சாயத்தை விட்டு கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் பார்த்தால், இரும்பு சேர்ப்பதற்கு முன்பே உட்கருவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் இரும்பு என்று கைடிடம் சொன்னேன். சாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

செல் வளர்த்துக் கொடுத்த உயிரியல் துறை மாணவிதான் கேட்டாள்: "அண்ணா, இது லைசோசோம் மாதிரி இல்ல?"

"இரும்பு அங்கேயும்தான் இருக்கும்" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. லைசோசோம் என்பது செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் அமிலப் பை. அதன் பிஎச் 4.5-இலிருந்து 5-க்குள். அமிலம் பட்டாலும் அந்த வளையம் திறக்கும் என்பது எனக்குத் தெரியாததா என்ன?

மறுநாள் காலை முதல் வேலையாக, வெறும் சாயத்தில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். அதே ஆரஞ்சு. என் ஃபெர்ரிக் குளோரைடு ஸ்டாக்கின் பிஎச்சை அளந்தேன். 2-ஐ ஒட்டி இருந்தது. ஃபெர்ரிக் அயனி தண்ணீரோடு வினைபுரிந்து புரோட்டானை வெளியே தள்ளும், அலுமினியமும் அப்படித்தான். நானோ பிஎச்சை மாறாமல் வைக்கும் பஃபரே இல்லாமல் தண்ணீர்-எத்தனாலில் அளந்திருக்கிறேன். பிஎச் 7.4-இல் ஹெப்பஸ் பஃபர் போட்டுத் திரும்பச் செய்ததும் ஒளிர்வில் சொச்சம்தான் மிஞ்சியது. செல்லிலும் லைசோசோமுக்கான பச்சைச் சாயம் என் புள்ளிகள் மேலேயே அச்சாக உட்கார்ந்தது. லைசோசோமுக்குள் புரோட்டானை ஏற்றும் பம்பை பாஃபிலோமைசின் நிறுத்திவிடும். அதைக் கொடுத்ததும் புள்ளிகள் மங்கின.

வேதியியலாளர் ராஜர் சியென் 1980-இல், கால்சியத்தைப் பிடிக்கும் பாப்டா என்ற மூலக்கூறை வடிவமைத்த கதையை அந்த வாரம்தான் ஒழுங்காகப் படித்தேன். கால்சியத்தைப் பிடிக்க ஏற்கெனவே ஈஜிடிஏ இருந்தது. ஆனால் செல்லின் சாதாரண பிஎச்சில் அதன் நைட்ரஜன்களில் புரோட்டான் ஒட்டியிருக்கும். பிஎச் கொஞ்சம் அசைந்தாலே கால்சியம் கணக்கும் அசைந்துவிடும். மனிதர் நைட்ரஜனுக்குப் பக்கத்தில் பென்சீன் வளையங்களை வைத்துப் புரோட்டானின் தொல்லையை ஒழித்தார். 1985-இல் வந்த, செல்லுக்குள் கால்சியத்தைக் காட்டும் ஃபியூரா-2 சாயம் அந்த அடித்தளத்தில் கட்டியதுதான். நான் கடைசியில் யோசித்ததை அவர் முதலிலேயே யோசித்திருக்கிறார். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

சாரிடம் சொல்லப் போனபோது கை நடுங்கியது. அவர் திட்டவில்லை. படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, அப்போ இது லைசோசோம் சாயம்னு எழுது" என்றார். அந்த மூலக்கூறு ஆய்வேட்டில் பிஎச் அத்தியாயமாக உட்கார்ந்தது. இரும்புக்கு வேறொன்றைச் செய்ய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

ஃப்ரிட்ஜில் இருந்த பழைய குப்பியின் லேபிளில் 'இரும்பு' என்பதை அடித்துவிட்டு 'அமிலம்' என்று எழுதினேன். அடுத்த வாரம் பார்த்தால் அதன் கீழே அந்த மாணவியின் கையெழுத்தில் 'பஃபர் போட்டாச்சா அண்ணா?'